நாலில் மூன்று தப்பு

தேர்வு எழுதிய எல்லோருக்கும் இது தெரியும். கேள்விக்குக் கீழே நாலு விடை இருக்கும், அதில் ஒன்று சரி, மூன்று தப்பு. அந்த மூன்று தப்பையும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? தோன்றாது. பாஸானவனுக்கு அந்தக் கவலை இல்லை. ஃபெயிலானவன் தன் தலையெழுத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுவான். தப்பைப் பெற்றெடுத்தவளை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. தேர்வு ஆபீசின் மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறக்கவே முடியாத ஓர் அறையில், ஆங்கில இலக்கணப் பிரிவில், இருபது வருஷத்துக்கு மேலாக அவள் பார்த்த வேலை அதுதான். தப்பு விடைக்கு அந்த ஆபீசில் தூண்டில் என்று பேர். அதனால் அவளுக்குத் தூண்டில்காரி என்று பேர் வந்தது. முதலில் கேலியாகச் சொன்னார்கள், பிறகு மரியாதையாகச் சொன்னார்கள், கடைசியில் டீ கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த அறைக்குள் போகுமுன் கைபேசியைக் கீழேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உள்ளே எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே வரக்கூடாது. மூலையில் காகிதம் அரைக்கும் இயந்திரம் ஒன்று நாள் முழுக்கக் கரகரவென்று மென்றுகொண்டிருக்கும். அதன் பக்கத்து மேசைதான் அவளுடையது. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட அவளுக்கு வேலை ஞாபகம் வந்துவிடும்.

அவளுடைய தனித்திறமை இரட்டைச் சொற்கள். ஒரே வினைச்சொல்லில் பிறந்த அண்ணன் தம்பிகள் மாதிரி ஆங்கிலத்தில் உண்டே, போரிங், போர்ட் என்று. படம் போரிங், பார்த்தவன் போர்ட். வேலை டயரிங், செய்தவள் டயர்ட். இதை மாற்றிப் போட்டால், ஐயோ பாவம் களைத்துப் போனேன் என்று சொல்ல வந்தவள், நான் எல்லோரையும் களைக்கவைக்கிறவள் என்று தன்னையே திட்டிக்கொண்டதாக ஆகிவிடும். நம் பேச்சில் இந்தத் தொல்லை கிடையாது. பயந்தவனையும் பயமுறுத்தியவனையும் நம்மில் யாரும் மாற்றிச் சொல்வதில்லை, மூன்று வயசுக் குழந்தைகூட. அந்நிய மொழியில் வாயைத் திறக்கும்போதுதான் இந்தக் குழி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்தக் குழிக்கு மேலே இலைதழை பரப்பி வைப்பதுதான் அவள் பிழைப்பு.

பிழைப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வருஷம் படுத்துவிட்டது. கேள்விகளை நிஜத் தேர்வில் போடுமுன் வெளியூர்களில் கொஞ்சம் பேரை உட்காரவைத்து முன்னோட்டம் பார்ப்பார்கள். எந்தத் தூண்டிலில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்கு வரும். ஒருத்தரும் விழாத தூண்டில் செத்த தூண்டில். அந்த வருஷம் அவள் போட்டதெல்லாம் வரிசையாகச் செத்துப் போயிற்று. பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் "எடை போட்டுப் பாத்துடலாம்" என்பார், அதனால் அவருக்குத் தராசு என்று பேர்.

"என்னம்மா இது?" என்றார் தராசு, திரையைக் காட்டி. "இதை எவன் கடிப்பான்? மீனுக்குக் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

"இலக்கணப்படி தப்புதானே சார்?"

"தப்புதான். ஆனா மனுஷன் பண்ற தப்பா இது? உங்களுக்கு இங்கிலீஷ் ரொம்ப நல்லா வந்துடுச்சும்மா. அதான் வினை. தப்பா எப்படிப் பேசுவாங்கன்னே மறந்துட்டீங்க."

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பாராட்டா, செருப்படியா என்று தெரியவில்லை. தராசு குரலைத் தாழ்த்தி, அடுத்த முன்னோட்டத்திலும் இப்படியே இருந்தால் தன்னால் தாங்கிப் பிடிக்க முடியாது, கீழே வினாத்தாள் கட்டுக் கட்டும் பிரிவில் ஆள் கேட்கிறார்கள் என்றார். அந்தப் பிரிவு அடித்தளத்தில் இருந்தது. அங்கே போனவர்கள் ஓய்வு பெறும்வரை கயிறும் அரக்குமாகத்தான் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஆங்கிலத்தில் கேள்வி எழுதியவள் கடைசியில் சணல் கயிறு முடிவதா என்று நினைத்துக்கொண்டே மேசைக்குத் திரும்பினாள்.

வீட்டில் மூன்று பேர். அம்மா, அவள், அவள் தங்கை சின்னவள். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு, மாடிப்படியை ஒட்டிய வாசல். மூத்தவள் கல்யாணமே வேண்டாம் என்றிருந்துவிட்டாள். சின்னவளுக்கு ஒன்று நடந்து, ஒட்டாமல் போய், ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்தவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளாகச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பு மாற்றினாள், பெட்பேன் எடுத்தாள், தள்ளுவண்டி தள்ளினாள், அதோடு செவிலியர் படிப்பையும் படித்து முடித்தாள். உடம்பு, மருந்து, ஊசி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். ஆங்கிலம் மட்டும் இடித்தது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இது மூன்றாவது, இந்த வருஷம் முதல் அந்தத் தேர்வை நடத்துவது அக்காவின் ஆபீஸ். இதில் தேறினால் நர்ஸ். தேறாவிட்டால் சாகும்வரை பெட்பேன்தான்.

சின்னவளுக்கு ஆங்கிலம் ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. நல்ல பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப வீட்டில் முடிந்தது. மூத்தவள் போனாள். சின்னவள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மூத்தவள் சாயங்காலம் திரும்பி வந்து, தான் படித்த திமிரில், தங்கை வாயைத் திறக்கும்போதெல்லாம் "அது இல்லடி, இது" என்று மண்டையில் குட்டுவாள். ஒரு சொல் விடமாட்டாள். சின்னவள் அழாமல் குட்டு வாங்கிக்கொண்டு, திருத்திச் சொல்லி, மறுநாளே மறந்துவிடுவாள். அவள் சுபாவம் அப்படி, எதையும் நெஞ்சில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

அந்த வருஷத் தேர்வு வேலை தொடங்கிய அன்று தராசு எல்லோரையும் நிற்கவைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உங்க வீட்டுல யாராவது இந்தத் தடவை எழுதுறாங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற வேலைக்கு மாத்திடறேன்."

வேற வேலை என்றால் எது என்று அவளுக்குத் தெரியும். சணல் கயிறு கண்முன் வந்து நின்றது. "யாரும் இல்ல சார்," என்றாள். கண்கூட இமைக்கவில்லை.

பொய் சொன்னவளுக்கு உள்ளுக்குள் உறுத்திற்று. அந்த உறுத்தலுக்கு அவள் கண்டுபிடித்த மருந்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தங்கைக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். பொய்தான் சொன்னேன், ஆனால் அதை வைத்து ஆதாயம் தேடவில்லை பார் என்று தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக் கொடுத்துக்கொண்டாள். நேர்மையை இப்படியும் ஒருத்தி உபயோகிப்பாளா என்றால், உபயோகித்தாள்.

சின்னவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். "அக்கா, இந்த ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லேன். காரணம்கூட வேணாம்."

"நான் சொல்லக்கூடாது. ஆபீஸ்ல விதி இருக்கு."

"கேள்வியையா கேட்டேன்? பொதுவா இலக்கணம் கேக்குறேன்க்கா."

"அதுவும் கூடாது."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னடி பெரிய நீதி நியாயம்? கூடப் பொறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தா வாய் வெந்து போயிடுமா? ஊரானுக்கெல்லாம் பரீட்சை வைக்கிறே, உன் தங்கச்சிக்கு வழி காட்ட மாட்டேங்கிறே."

"விடும்மா," என்பாள் சின்னவள். "அக்கா வேலைக்கு ஆபத்து வந்துடக்கூடாது. நானே பாத்துக்கிறேன்."

இதைச் சொன்னவள் மேல் கோபம் வருமா? மூத்தவளுக்கு வந்தது. அக்காவைப் புரிந்துகொண்டு விட்டுக்கொடுக்கிறாளே, அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. அழுது அடம்பிடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

சின்னவள் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலைவிட்டு வந்து கால் கழுவியதும், அன்றைக்கு வார்டில் நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று தனக்கே விதி வைத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, கையை ஆட்டி, நோயாளிகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பாள். அம்மாவுக்கு ஒரு மண்ணும் புரியாது. "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டே காய் நறுக்குவாள். எதிரே அக்கா துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் ஒரு தாத்தாவின் கதை வந்தது. வார்டையே அதட்டி உருட்டுகிற தாத்தா, எக்ஸ்ரேக்குக் கீழே கொண்டுபோக லிஃப்டில் ஏற்றினால் குழந்தை மாதிரிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சின்னவள் கையைப் பிடித்துக்கொள்வாராம். கதவு திறந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி, "ஏம்மா இவ்வளவு மெதுவா தள்றே?" என்று அதட்டுவாராம். அதைச் சின்னவள் அப்படியே நடித்துக் காட்டினாள். முத்தாய்ப்பாக, "தி கிராண்ட்ஃபாதர் இஸ் வெரி ஃப்ரைட்டனிங் இன் தி லிஃப்ட்," என்றாள்.

அக்காவின் கை துணியோடு நின்றது. தாத்தா லிஃப்டுக்குள் எல்லோரையும் பயமுறுத்துகிறார் என்றல்லவா ஆகிவிட்டது! பயந்தது தாத்தா, ஃப்ரைட்டன்ட். இவள் சொன்னதோ அந்தச் சொல்லின் தம்பி. ஆனால் அந்தத் தப்பு எவ்வளவு இயல்பாக, எவ்வளவு அழகாக வந்து விழுந்தது! அவள் மாதக்கணக்கில் மேசையில் உட்கார்ந்து பிழிந்து பார்த்தும் வராத சரக்கு, இங்கே கையில் ஈரம் காயாமல் நிற்கிறவள் வாயிலிருந்து கொட்டுகிறது. அன்று ஒரே மூச்சில் இன்னும் எத்தனை! "ஐ ஆம் டயரிங்." "டாக்டர் வாஸ் கன்ஃப்யூசிங் அபௌட் தி ரிப்போர்ட்." "ஃபார்மசி இஸ் க்ளோஸ்." கடைசியில் ஒரு ட் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. காது கேட்கிற யாருக்கும் அது சரி மாதிரியேதான் கேட்கும்.

சின்னவள் அக்கா முகத்தையே பார்த்தாள். "தப்பா இருந்தா மூஞ்சியையாவது சுளிச்சுக் காட்டுக்கா."

அக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை. துணியை மடித்து அடுக்கினாள்.

சின்னவளுக்கு வாயெல்லாம் பல். "அம்மா, பாத்தியா? சின்ன வயசுல ஒரு தப்பு பண்ணினா கை தன்னால மண்டைக்கு வந்துடும் இவளுக்கு. இப்ப மூச்சே விடல. அப்பன்னா சரின்னு அர்த்தம்!"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் இல்லை, என் மௌனத்தை நம்பாதே என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு எந்த ஆபீஸ் விதியும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவளுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடியது. இவள் திருந்திவிட்டால் நாளைக்கு யார் சொல்வார்கள்? ஊற்றை யாராவது மண் போட்டு மூடுவார்களா? அப்படி வார்த்தைக்கு வார்த்தை யோசித்தாளா என்றால் இல்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டது நிஜம். மறுநாள் காலையில் மேசைக்குப் போனதும் முதல் வேலையாக, லிஃப்ட் கதவு மூடியதும் கண்ணை மூடிக்கொண்ட முதியவரைப் பற்றி ஒரு கேள்வி எழுதினாள்.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் துணி மடிக்க உட்கார்ந்துவிடுவாள். துணி இல்லாவிட்டால் மடித்ததையே உதறி மறுபடி மடிப்பாள். சின்னவள் நாளுக்கு நாள் தைரியமாகப் பேசினாள். தைரியம் கூடக் கூடத் தப்பும் கெட்டிப்பட்டது. நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இனி இறங்கமாட்டேன் என்றது. அவ்வளவும் மறுநாள் மூன்றாவது மாடிக்குப் போயிற்று. அக்கா தங்கைக்குக் கொடுப்பதைத்தான் விதி தடுத்தது. எடுப்பதைப் பற்றி விதி எழுதியவனுக்குத் தோன்றவே இல்லை.

முன்னோட்டக் கணக்கு வந்த அன்று தராசு நாற்காலியைவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "பிரமாதம்மா! பாதிக்கு மேல விழுந்திருக்காங்க. நல்லாப் படிச்சவன் தப்பிச்சிருக்கான், அரைகுறையெல்லாம் அப்படியே கொக்கியில. எங்கேருந்து புடிச்சீங்க?"

"காதுல விழுந்தது சார்."

"அந்தக் காதை இன்ஷூர் பண்ணி வையுங்க," என்று சிரித்தார். அடித்தளப் பேச்சு அதோடு போயிற்று. அவளுக்கு அன்று எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

கேள்விகள் எல்லாம் ஒரு பொதுத் தொட்டிக்குள் போகும், எந்தத் தேர்வுக்கு எது போகிறது என்று எழுதியவளுக்குத் தெரியாது. இதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். குமாஸ்தாக்களுக்குப் போகலாம், ரயில்வேக்காரர்களுக்குப் போகலாம், நமக்கென்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். வார்டும் நோயாளியும் ஃபார்மசியும் வருகிற கேள்வி ரயில்வேக்கா போகும்? யாரை ஏமாற்றுகிறாள்? தன்னைத்தான். தன்னை ஏமாற்றுவதற்குப் பெரிய தூண்டில்கூட வேண்டியிருக்கவில்லை.

தேர்வன்று சின்னவள் அம்மா காலைத் தொட்டுவிட்டுப் போனாள். அக்கா குளியலறையில் இருந்தாள், வேண்டுமென்றேதான். மத்தியானம் மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு இரண்டு படியாகத் தாண்டி வந்தவள் செருப்போடு உள்ளே நுழைந்து, அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"விடுடி, விழுந்து தொலைக்கப் போறேன்! எப்படி எழுதினே, சொல்லு."

"அம்மா, போன ரெண்டு தடவையும் பேப்பரைப் பாத்தாலே தலை சுத்தும். எதைப் பாத்தாலும் அதான் சரின்னு தோணும். இந்தத் தடவை அப்படி இல்லவே இல்ல. பேப்பர் என்னை மாதிரியே பேசுச்சும்மா! படிச்சதும் விடை தன்னால வருது, கீழே பாத்தா அதே வார்த்தை அங்க இருக்கு. யோசிக்கவே இல்ல." அக்கா பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் பளபளத்தது. "அக்கா, நம்ம லிஃப்ட் தாத்தா மாதிரியே ஒருத்தர்கூட வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஃப்ரைட்டனிங்னு பட்டுன்னு போட்டேன். ஃபார்மசி வந்துச்சு, க்ளோஸ் போட்டேன்."

அவள் விரல்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் அக்கா நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. அத்தனையும் தூண்டில். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஊரில் வேறு யாருக்கும் அந்தத் தூண்டில்கள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது, இவள் வாயில் அளவெடுத்துத் தைத்ததல்லவா.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லேன்."

"நல்லது," என்றாள் அக்கா. 

எல்லாம் முடிந்துவிடவில்லை, இன்னும் ஒரு வாசல் திறந்திருந்தது. தேர்வு முடிந்து மதிப்பெண் போடுமுன் கேள்விகளைக் கடைசியாக ஒரு தடவை ஆபீசில் பரிசீலிப்பார்கள். குறை உள்ள கேள்வியை நீக்கிவிட்டு எல்லோருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் போய் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், வார்டு பத்தின கேள்வியெல்லாம் எடுத்துடலாம்னு தோணுது," என்றாள்.

தராசு கண்ணாடியைக் கழற்றினார். "எதை? நீங்க போட்டதையா? இந்தப் பேப்பர்லயே உருப்படியானது அதுதாம்மா. எடை போட்டுப் பாத்தாச்சு. தெரிஞ்சவனையும் தெரியாதவனையும் அப்படியே ரெண்டாப் பிரிச்சுக் காட்டுது. இதைப் போய் எடுக்கச் சொல்றீங்க?"

"கொஞ்சம் கஷ்டமா இருக்கோன்னு..."

"கஷ்டமா இருக்கணும்னுதானே சம்பளம் தர்றாங்க? காரணம் இருந்தா சொல்லுங்க, எடுத்துடலாம். உங்க பேச்சுக்கு மறுபேச்சு ஏது?"

காரணம் நாக்கு நுனியில் நின்றது. என் தங்கை எழுதியிருக்கிறாள் சார், அவள் தப்பைத்தான் நான் கேள்வியாக்கினேன். இரண்டே வாக்கியம். சொன்னால் கேள்விகள் போகும், அவள் வேலையும் போகும், பொய் சொன்னது வெளியே வரும், விசாரணை என்று இழுப்பார்கள். ஆனால் சின்னவள் பிழைத்துக்கொள்வாள். மேசையைச் சுற்றி எல்லோரும் அவளையே பார்த்தார்கள். காகிதம் அரைக்கும் இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

தராசு அடுத்த கேள்விக்குப் போனார்.

சின்னவள் தோற்றாள். நூலிழையில் தோற்றாள் என்றால்கூட ஆறுதலாக இருக்கும், அதுவும் இல்லை. மற்ற கேள்விகளில் நன்றாகவே செய்து, அந்த வார்டு கேள்விகளில் மொத்தமாகச் சரிந்திருந்தாள். இரண்டு நாள் படுக்கையைவிட்டு எழவில்லை. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து தேர்வு வைத்தவர்களையெல்லாம் மண்ணை வாரித் தூற்றினாள். "நல்லா இருப்பானுங்களா? எம்பொண்ணு வயித்தெரிச்சல் சும்மா விடுமா?" பெரியவள் அடுத்த அறையில் உட்கார்ந்து அவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வினாத்தாளும் சரியான விடைகளும் பத்திரிகையில் வந்திருந்தன. சின்னவள் அதை விரித்துவைத்து, பென்சிலால் தன் விடைகளைக் குறித்துக்கொண்டே வந்தாள். முதலில் வேகமாகக் குறித்தாள். பிறகு நிதானமாக. அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். எழுந்து சமையலறைக்கு வந்தாள். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் தாத்தா கேள்வி நீ எழுதினதா?"

"ஆபீஸ் விஷயம் வெளியில சொல்லக்கூடாது."

"அந்தக் கதையை நான் ஆஸ்பத்திரியில யார்கிட்டயும் சொல்லல. பாவம், பெரியவர் மானம் போயிடுமேன்னு. இங்கதான் சொன்னேன். அம்மா கேள்வி எழுதல."

அக்கா துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"தப்புன்னா மூஞ்சியையாவது சுளின்னு கேட்டேனே," என்றாள் சின்னவள். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நீ பேசாம இருந்தே. நான் சரின்னு நெனச்சேன். தினம் தினம் உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்துத்தான் அதையெல்லாம் மனப்பாடம் பண்ணினேன்."

"சொன்னா வேலை போயிருக்கும்டி. உனக்குத் தெரியாது."

"நீ சொல்லிக் குடுக்கலன்னு எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்ல. உனக்குத் தப்புதான் வேணும்னு கேட்டிருந்தா, மூட்டை மூட்டையா குடுத்திருப்பேனே. அதுக்கப்புறம் எது சரின்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

"ஒண்ணும் இல்லம்மா. அக்கா ஆபீஸ் வேலைக்கு நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணியிருக்கேன், அதைப் பேசிட்டிருக்கோம்," என்றாள் சின்னவள். மறுநாள் வார்டு உதவியாளின் சீருடையைத் தோய்த்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அம்மாவிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை. அக்காவை அவமானப்படுத்தவும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாள். அவ்வளவுதான். ஆங்கிலம் பேசுவதை விட்டாள், வார்டுக் கதை சொல்வதை விட்டாள், பிறகு அக்கா இருக்கும்போது எந்தக் கதையும் சொல்வதில்லை என்றாயிற்று. அறைக்குள் அக்கா நுழைந்தால் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாள். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் இல்லை.

ஆபீசில் அக்காவுக்கு உயர்வு வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு. தராசு அவளை முன்னால் நிறுத்தி, "இவங்க தூண்டில்ல உயிர் இருக்கும், கத்துக்கோங்க," என்றார். ஒரு பெண் எழுந்து, மனுஷர்கள் பண்ணுகிற தப்பை எப்படி மேடம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டது. "பக்கத்துல இருக்கறவங்க பேசறதைக் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று வெளியே போய்விட்டாள்.

ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீடு திரும்பினாள். மாடிப்படி ஏறும்போதே உள்ளேயிருந்து சின்னவள் குரல் கேட்டது. எவ்வளவு காலமாயிற்று அந்தக் குரலை முழுசாகக் கேட்டு! வார்டில் யாரோ ஒரு பாட்டி பல்செட்டைத் தேடி ஊரைக் கூட்டிய கதை. தமிழில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், பாட்டி குரலிலேயே. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சாவியைக் கையில் எடுத்தவள் போடவில்லை. போட்டால் கதை நின்றுவிடும். கதவோரம் ஒட்டி நின்றுகொண்டாள். செருப்புச் சத்தம் கேட்டுவிடப் போகிறதென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எந்தத் தப்பும் வேண்டியிருக்கவில்லை. தங்கை பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

குப்பைக் கூடையை வெளியே வைக்கச் சின்னவள் கதவைத் திறந்தாள். கையில் செருப்போடு, காதைச் சாய்த்துக்கொண்டு, கதவோரம் நின்றவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கூடையைக் கீழே வைத்தாள்.

"இன்னும் வேணுமா?" என்றாள்.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். அம்மா, கதையை ஏண்டி நிறுத்திட்டே, அப்புறம் பாட்டிக்குப் பல்செட் கெடச்சுதா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.